பீரோச் சாவி

2014 ஜனவரியில் கான்பூர் அரசு ஆயுதத் தொழிற்சாலை பெண்களுக்கென்று ஒரு ரிவால்வரை அறிமுகப்படுத்தியது. பெயர் ‘நிர்பீக்’. எடை அரைக் கிலோ. விலை 1,22,360 ரூபாய். 2012 டிசம்பரில் தில்லிப் பேருந்தில் சிதைக்கப்பட்ட பெண்ணை ‘நிர்பயா’ என்றோம். அதன் சாயலில் வைத்த பெயர்.

பெண் கையில் துப்பாக்கி வேண்டுமா என்று எங்கள் கல்லூரியில் ஒரு விவாதம் நடந்தது. வேண்டும் என்று பேசிய கிணத்துக்கடவு மாணவி, தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் எண்களை வாசித்தாள். 2012இல் 24,923 வல்லுறவு வழக்குகள், 2013இல் 33,707. ஒரே ஆண்டில் 35 சதவீத உயர்வு. “இதுக்கு மேல என்னங்க மேடம் ஆதாரம் வேணும்?”

எண்கள் பொய்யில்லை. ஆனால் இடையில் 2013 சட்டத் திருத்தம் வந்தது. வல்லுறவின் வரையறை விரிந்தது. சம்மத வயது 16இலிருந்து 18 ஆனது. புகாரைப் பதிய மறுக்கும் காவலருக்குத் தண்டனை வந்தது. தில்லிக்குப் பிறகு பெண்களும் துணிந்து காவல் நிலையப் படியேறினார்கள். கூடியதில் குற்றம் எவ்வளவு, புகார் எவ்வளவு என்று அந்த எண்ணால் பிரித்துச் சொல்ல முடியாது.

அதே 2013 அறிக்கையில் இன்னோர் எண்ணும் உண்டு. 94 சதவீத வழக்குகளில் குற்றவாளி அப்பெண்ணுக்குத் தெரிந்தவன். உறவுக்காரன், பக்கத்து வீட்டுக்காரன், காதலிப்பதாகச் சொன்னவன். கணவன் செய்வதைச் சட்டம் வல்லுறவாக ஏற்பதில்லை என்பதால் அது கணக்கிலேயே வராது. துப்பாக்கி வாங்கினாலும் அது வீட்டு பீரோவில்தான் இருக்கும். சாவி யாரிடம் இருக்கும்?

கிணத்துக்கடவைத் தாண்டினால் பொள்ளாச்சி. அங்கேயும் நண்பர்களாகப் பழகித்தான் பெண்களைச் சிக்கவைத்தார்கள். 2019 பிப்ரவரியில் ஒரு மாணவி புகார் கொடுத்தாள். அவள் பெயரைக் காவல் அதிகாரியே பத்திரிகையாளர்களிடம் சொன்னார். அதன் பிறகு எத்தனை பேர் வாய்மூடினார்களோ, அந்தக் கணக்கு எந்த அறிக்கையிலும் இல்லை. அந்த மாதங்களில் என் வகுப்பில் ஒருத்தி சொன்னாள்: “வீட்ல போனைப் புடுங்கிட்டாங்க மேடம். படிப்பை நிறுத்திட்டு மாப்பிள்ளை பாக்கறாங்க.” பயத்தைப் பெருக்கும் எண்கள் கடைசியில் பெண்ணைத்தான் பூட்டுகின்றன.

2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது. ஆறு ஆண்டுகளில் சாட்சிகளில் ஒருவர்கூடப் பிறழவில்லை. அந்தப் பெண்கள் கையில் இருந்தது அவர்களுடைய வாக்குமூலம்தான்.

பெண்களுக்கெதிரான குற்றம் உயர்ந்துவிட்டது என்று இனி யாராவது மேடையில் எண்ணை நீட்டினால், உயர்ந்தது குற்றமா, புகாரா என்று எழுந்து கேளுங்கள். புகார் என்றால், அதைக் கொடுத்தவளுக்கு அடுத்து என்ன நடந்தது என்றும் கேளுங்கள்.