செல்ஃப் எடுக்காத வண்டி

பெரியப்பாவின் காரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது ஒரு சத்தம். சாவியைத் திருப்பியதும் பானெட்டுக்கு அடியில் ஒரே ஒரு ‘டக்’. அதோடு சரி. மறுபடி திருப்பினாலும் ‘டக்’. கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பினால் ஒரு குறையும் இல்லாததுபோல எஞ்சின் ஓடும். பொள்ளாச்சியில் தேங்காய் வியாபாரம் செய்த பெரியப்பா எண்பதுகளில் வாங்கிய அம்பாசடர் மார்க் 4, பெட்ரோல் வண்டி. வயதேறிய பிறகு அதற்கு இந்தச் சீக்கு வந்தது.

அந்த நாட்களில் பெரியப்பா ஊர்களை எல்லாம் சரிவுகளை வைத்தே தெரிந்துவைத்திருந்தார். எந்தக் கல்யாண மண்டபத்தின் வாசல் ரோட்டைப் பார்த்து இறங்குகிறது, எந்தக் கோயிலடியில் நிறுத்தினால் வண்டி தானாக உருளும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். இரண்டாவது கியரில் போட்டு, கிளட்சை மிதித்து, வேகம் பிடித்ததும் காலை எடுப்பார். ஒரு குலுக்கலோடு எஞ்சின் பிடித்துக்கொள்ளும். சமதரையில் நின்றுவிட்டால் நாங்கள் பிள்ளைகள் இறங்கித் தள்ளுவோம். பட்டுச் சேலையோடு உட்கார்ந்திருக்கும் பெரியம்மா, “பாத்துத் தள்ளுங்க கண்ணுகளா” என்பார்.

தள்ளுவது பற்றிப் பேச்சு வந்தாலே தாத்தா தன் காலத்துக்குப் போய்விடுவார். அப்போது வண்டியின் முன்பக்கம் இரும்புக் கைப்பிடியை நுழைத்துச் சுற்ற வேண்டும். பெருவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துப் பிடிக்கவேண்டும் என்று எங்களுக்குச் செய்து காட்டுவார். எஞ்சின் எதிர்ப்பக்கமாக உதைத்தால், சுற்றி வளைத்துப் பிடித்தவனின் பெருவிரலும் மணிக்கட்டும் போய்விடும். அந்த உதையிலிருந்து மனிதர்களைக் காப்பாற்றியவர் அமெரிக்காவின் சார்லஸ் கெட்டரிங் என்பதைப் பிற்பாடு படித்தேன். கடைகளில் பணம் வாங்கும் இயந்திரத்தின் கல்லாவை மின்சாரத்தால் திறக்க ஒரு சின்ன மோட்டாரை முன்பே செய்திருந்தவர் அவர். சில நொடி மட்டுமே உழைக்கும் மோட்டார் உருவில் பெரிதாக இருக்கத் தேவையில்லை என்ற அறிவை 1911-ல் காருக்குக் கொண்டுவந்தார். 1912-ன் காடிலாக் கார்கள் அந்த ஸ்டார்ட்டரோடு வெளிவந்தன. செல்ஃபை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தால் மோட்டார் வெந்துபோவதும் அது சில நொடி உழைப்புக்கென்றே செய்யப்பட்டது என்பதால்தான். பத்து நொடிக்கு மேல் அடிக்கக்கூடாது, அடித்தால் கொஞ்சம் ஆறவிட வேண்டும்.

மறுபடி அந்தச் சத்தத்துக்கு வருகிறேன். ‘டக்டக்டக்’ என்று படபடத்தால் பெரும்பாலும் பேட்டரி இறங்கியிருக்கும், அல்லது டெர்மினல் பூத்திருக்கும். ஒரு சத்தமும் வராவிட்டால் சாவி சுவிட்சையோ அதிலிருந்து, மோட்டாருக்குக் கரண்டைத் திறந்துவிடும் சொலினாய்டுக்குப் போகும் சின்ன வயரையோ பார்க்க வேண்டும். ஒரே ஒரு கனத்த ‘டக்’ என்றால் சொலினாய்டு வரை எல்லாம் சரி, அதற்கு அப்பால்தான் கோளாறு. சொலினாய்டுக்குள் இருக்கும் செம்புமுனைகள் கருகியிருக்கலாம், மோட்டாரின் கார்பன் தேய்ந்திருக்கலாம். கார்பன் தேய்ந்த மோட்டாரை ஸ்பேனரால் லேசாகத் தட்டினால் ஒரு தடவை ஓடிவிடும்.

பெரியப்பாவின் வண்டியில் பேட்டரி மாற்றியாகிவிட்டது. மோட்டாரைக் கழற்றிக் கார்பனும் புஷ்ஷும் போட்டாகிவிட்டது. சாவி சுவிட்சும் புதுசு. சில வாரம் நன்றாக ஓடும்; இனிப் பயமில்லை என்று வால்பாறை மலை ஏறினால் கொண்டை ஊசி வளைவு ஒன்றில் எஞ்சின் ஆற நிறுத்திய இடத்தில் மறுபடி ‘டக்’. மழைக்காலத்தில் ஒருவிதம், சித்திரை வெயிலில் ஒருவிதம். வண்டிக்கு ராசி போய்விட்டது என்று வீட்டில் பேச ஆரம்பித்தார்கள்.

கடைசியில் ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவரிடம் போனோம். வண்டியைத் தொடவே இல்லை அவர். “ஓடற வண்டியில நான் என்னத்தப் பாக்கறதுங்ணா? மக்கர் பண்றப்ப சொல்லி அனுப்புங்க. அப்புறம் யாரும் அதத் தட்ட வேண்டாம், தள்ளவும் வேண்டாம். நான் வர்ற வரைக்கும் அப்படியே நிக்கட்டும்” என்றார்.

அப்படியே ஒரு நாள் நின்றது. சைக்கிளில் வந்தார். ஹெட்லைட்டைப் போடச் சொன்னார், பிறகு சாவியைத் திருப்பச் சொன்னார். ‘டக்’. விளக்கு கொஞ்சமும் மங்கவில்லை. “பேட்டரி நல்லாருக்குதுங்ணா. கரண்டு மோட்டாருக்குள்ள போகவே இல்ல” என்றார். இன்னும் இரண்டு முறை திருப்பச் சொல்லிவிட்டு சோக் வயரைத் தொட்டுப் பார்த்தார். எங்களையும் தொடச் சொன்னார். சுட்டது.

எஞ்சின் ரப்பர் மவுண்டுகளின்மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பரில் மின்சாரம் பாயாது. மோட்டாருக்குப் போன கரண்ட் பேட்டரிக்குத் திரும்பி வர, எஞ்சினையும் பாடியையும் இணைக்கும் செம்புப் பின்னல் பட்டை ஒன்று உண்டு. எர்த் பட்டை. அது அரித்துப்போனதால் கரண்ட் சோக் வயர் வழியாகத் திரும்பப் பார்த்திருக்கிறது. ஒல்லிக் கம்பி அவ்வளவு கரண்டைத் தாங்குமா? அதான் சூடு. விளக்குகளின் எர்த் பாடியில் இருப்பதால் அவை வழக்கம்போல் எரிந்தன. ஜம்பர் கேபிளால் பேட்டரியின் நெகட்டிவையும் எஞ்சினையும் நேராக இணைத்தார். அரைச் சுற்றில் வண்டி ஸ்டார்ட் ஆனது. கழற்றிய பட்டையில் பச்சை பூத்து, இழைகள் பாதி அறுந்து, போல்ட்டுக்கு அடியில் துரு. எமரி தாளால் இரும்பு பளிச்சிடத் தேய்த்துப் புதுப் பட்டை மாட்டினார், மேலே வாசலின் தடவினார்.

அது ஏன் வந்து வந்து போனது என்பதற்கான கணக்கு பின்னால் எனக்குப் புரிந்தது. ஸ்டார்ட்டர் 150 ஆம்பியர் இழுக்கும்போது, இணைப்பில் ஓமில் நூறில் ஒரு பங்கு தடை இருந்தாலே ஒன்றரை வோல்ட் அங்கேயே போய்விடும். வெப்பம் 50 டிகிரி கூடினால் செம்பின் தடையும் ஏறக்குறைய 20 சதவீதம் கூடும். எஞ்சின் அசைந்து உட்காரும் இடத்தைப் பொறுத்து அறுந்த இழைகள் தொடும், விலகும். டெஸ்ட் பல்புக்கு வேண்டிய கரண்ட் மிகக் கொஞ்சம் என்பதால் அதே பட்டை வழியாக அது நன்றாகவே எரியும். பளு ஏறும்போது மட்டுமே அந்த இணைப்பின் பலவீனம் வெளியே வரும். அதனால் செல்ஃப் அடித்துக்கொண்டிருக்கும்போதே பேட்டரி நெகட்டிவுக்கும் எஞ்சினுக்கும் நடுவே மீட்டரை வைத்துப் பார்க்க வேண்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த்தில் குறை. பேட்டரியின் இரண்டு முனைகளுக்கு நடுவிலோ, ஓய்வில் 12.6 இருப்பது செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே போகக்கூடாது.

இன்று யாராவது வண்டி சில சமயம் செல்ஃப் எடுப்பதில்லை என்றால், பாகத்தை மாற்றும் முன் நான் கேட்பது இவைதான்: சூடாக இருந்ததா, ஆறியிருந்ததா? என்ன சத்தம்? விளக்கு மங்கியதா? அந்த எலக்ட்ரீஷியன் எங்களிடம் கேட்ட கேள்விகள் இவை. வந்து போகும் கோளாறுக்கு ராசி என்றும் வயசு என்றும் பெயர் வைத்துவிட எனக்கு மனம் வருவதில்லை. சூடு, ஈரம், ஆட்டம், பளு என்று ஒரு காரணத்தைப் பிடித்துக்கொண்டுதான் அது ஒவ்வொரு முறையும் வருகிறது. அது வந்திருக்கும் நேரத்தில் அவசரப்படாமல் பக்கத்தில் நிற்கத் தெரிந்தவருக்குக் காரணம் அகப்படும்.