வெறும் கூடு

தோட்டா என்றதும் நம்மில் பலருக்குத் தமிழ்ப்படத்துச் சண்டைக் காட்சிதான் நினைவுக்கு வரும். எனக்கோ ஒரு விசில் சத்தம் நினைவுக்கு வரும். என் மாமா ஒருவரைத் தவிர வேறு யாரிடமும் சொல்லாத ஒரு கதையை இம்மலரின் வழி உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது மலாக்கா மாநிலம், அலோர் காஜா மாவட்டத்திலுள்ள ரெம்பியா. அங்கிருந்து சற்று உள்ளே தள்ளியிருந்த ஒரு செம்பனைத் தோட்டத்தில் என் தாத்தா, அதாவது அம்மாவின் அப்பா, ஜாகாவாக வேலை செய்தார். இரவில் காவல், பகலில் உறக்கம். காட்டுப்பன்றிகளுக்கு இளங்கன்றுகளின் குருத்து என்றால் கொள்ளை ஆசை. ஒரே இரவில் ஒரு வரிசையையே நாசமாக்கிவிடும். அவற்றைச் சுடுவதற்காக உரிமம் பெற்ற வேட்டைத் துப்பாக்கி ஒன்று தாத்தாவின் பொறுப்பில் இருந்தது. மாலையில் துப்பாக்கியையும் தோட்டாக்களையும் கையெழுத்துப் போட்டு வாங்குவார். விடிந்ததும் திருப்பி ஒப்படைப்பார். சுட்டு முடித்த வெற்றுக் கூடுகளை மட்டும் வீட்டில் ஒரு மைலோ டின்னில் போட்டு வைத்து, திங்கட்கிழமை காலையில் கிராணி ஐயாவிடம் எண்ணிக் கொடுப்பார். எத்தனை சுட்டார், எத்தனை கூடு கொடுத்தார் என்பதைத் தம் சட்டைப்பையிலிருந்த 555 நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொள்வார்.

2010ஆம் ஆண்டு. நான் தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, தாத்தா உறங்கும் நேரம் பார்த்து அந்த மைலோ டின்னைத் திறந்தேன். உள்ளே மூன்று கூடுகள். சிவப்புப் பிளாஸ்டிக் குழாய், அடியில் பித்தளைப் பூண், கருகிய வாடை. ஒன்றை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடினேன். அதன் வாயில் உதட்டை வைத்து ஊதினால் விசில் போல் சத்தம் வரும் என்று பக்கத்து வீட்டுப் பையன் சொல்லியிருந்தான். உண்மைதான். இருட்டும் வரை ஊதிக்கொண்டே இருந்தேன்.

மறுநாள் பள்ளி விட்டு வந்தபோது வீட்டில் ஒரே பரபரப்பு. கூடு ஒன்று குறைகிறது என்று தாத்தாவும் நான்கு தொழிலாளர்களும் காட்டில் தேடிக்கொண்டிருந்தார்கள். பாட்டி அழுதுகொண்டிருந்தார். எனக்குக் கை கால் நடுங்கியது. உண்மையைச் சொல்லத் துணிவில்லை. அன்று பெய்த மழையில், கரைபுரண்டு ஓடிய பெரிய கால்வாயில் அந்தக் கூட்டை வீசி எறிந்துவிட்டேன்.

அந்த வாரமே தாத்தாவிடமிருந்த துப்பாக்கியைத் தோட்ட நிர்வாகம் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஜாகா வேலையும் போயிற்று. அதன்பின் நான்கு ஆண்டுகள், மரத்தடியில் சிதறிக் கிடக்கும் உதிரிப்பழங்களைக் குனிந்து குனிந்து பொறுக்கினார். இடுப்பு வலிக்குத் தைலம் தேய்த்துவிடும்போதெல்லாம் சொல்லிவிடலாமா என்று வாய் வரை வரும். சொன்னதில்லை. 2021இல் தாத்தா இறந்துவிட்டார்.

வெறும் கூடுதானே, அதற்கா இவ்வளவு பெரிய தண்டனை என்று பல ஆண்டுகள் மனத்துக்குள் கேட்டிருக்கிறேன். பல்கலைக்கழகம் வந்து, சுக்சிஸ் எனப்படும் மாணவர் போலீஸ் தொண்டர் படையில் சேர்ந்தேன். துப்பாக்கி சுடும் பயிற்சி முடிந்ததும் எங்களை வரிசையாக நிற்கவைத்து, தரையில் விழுந்த கூடுகளைப் பொறுக்கி எண்ணச் சொன்னார்கள். ஒன்று குறைந்தது. புல்லை விரலால் கோதித் தேடினோம். அது கிடைத்த பிறகுதான் பேருந்து புறப்பட்டது. மற்றவர்கள் வெயிலைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்கோ அழுகை வந்தது.

கேள்விக்கான விடை கடந்த ஆண்டு இறுதி விடுமுறையில் மெல்பர்னில் கிடைத்தது. தாத்தாவின் இளைய மகன், என் மாமா, அங்கே குடியேறிப் பல ஆண்டுகள் ஆகின்றன. ஞாயிறுதோறும் துப்பாக்கிக் கழகத்திற்குச் சென்று 300 மீட்டர், 500 மீட்டர் தூரத்தில் இருக்கும் இலக்கைச் சுடுவது அவருடைய பொழுதுபோக்கு. அதற்கு வேண்டிய தோட்டாக்களைக் கடையில் வாங்காமல், வீட்டுக் கார் கொட்டகையில் தம் கையாலேயே நிரப்பிக்கொள்கிறார். அமெரிக்கா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் இலக்கு சுடுவோர் பலருக்கு இது பழகிப்போன கைவேலை.

ஒரு தோட்டாவில் நான்கு பாகங்கள் உண்டு. பித்தளைக் கூடு, அதன் அடியில், அடிபட்டால் பொறி தரும் ப்ரைமர், உள்ளே வெடிமருந்து, முனையில் குண்டு. சுட்டபின் குண்டு போய்விடுகிறது; மருந்து எரிந்துவிடுகிறது; ப்ரைமர் செத்துவிடுகிறது. கூடு மட்டும் மிஞ்சுகிறது. சுடும்போது எழும் அழுத்தத்தில் அது சற்றே விரிந்திருக்கும். அதைக் கழுவி, விரிசல் இருக்கிறதா என்று பார்த்து, அச்சில் வைத்து அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, மற்ற மூன்றையும் புதிதாக இட்டால் மீண்டும் தோட்டா ஆகிவிடுகிறது. இப்படி ஒரே கூட்டைப் பலமுறை பயன்படுத்தலாம். வேட்டைத் துப்பாக்கியின் பிளாஸ்டிக் கூட்டையும் இவ்வாறே மீண்டும் நிரப்பலாமாம்.

மாமா இதைச் சொன்ன நொடியில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வெற்றுக் கூடு குப்பை அல்ல. அது பாதித் தோட்டா. அதனால்தான் அதை எண்ணுகிறார்கள்.

மாமா மருந்தைத் தராசில் நிறுத்த விதம் என்னை வியக்க வைத்தது. அதற்குரிய எடை கிரெயின். 7000 கிரெயின் சேர்ந்தால்தான் ஒரு பவுண்டு. நம் ஊர்ப் பொற்கொல்லர்கள் அந்நாளில் பொன் நிறுத்த குன்றிமணி ஒன்றின் எடை ஏறக்குறைய 2 கிரெயின்தான். மருந்தின் அளவு ஒவ்வொரு தோட்டாவிலும் ஒன்றுபோல் இருந்தால்தான் குண்டின் வேகமும் ஒன்றுபோல் இருக்கும். தூரத்து இலக்கில் குண்டுகள் மேலும் கீழுமாகச் சிதறாமல் ஓரிடத்தில் விழும். ஆனால், ஒரு கூட்டில் தவறுதலாக இரு மடங்கு மருந்து விழுந்தால் துப்பாக்கியே வெடித்துச் சுடுபவரின் முகத்தைச் சிதைத்துவிடலாம். மருந்தே விழாமல் போனால் குண்டு குழலுக்குள் சிக்கிக்கொள்ளும். அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டாலும் ஆபத்துதான். எனவே 50 கூடுகளையும் மரப்பலகைக் குழிகளில் நிறுத்தி, விளக்கைப் பிடித்து ஒவ்வொன்றின் உள்ளேயும் எட்டிப் பார்த்த பிறகே மாமா குண்டைப் பொருத்தினார். அந்த நேரத்தில் யாரும் பேசக்கூடாது. கைப்பேசிக்கும் இடமில்லை.

“கடைத் தோட்டா சரியில்லன்னா கம்பெனியத் திட்டலாம். இது நம்ம கை போட்டது பாப்பா. தப்பு வந்தா வேற யாரையும் கைகாட்ட முடியாது,” என்றார்.

பிறகு ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். தேதி, மருந்தின் எடை, கூடு எத்தனையாவது முறை நிரப்பப்படுகிறது என்று எல்லாவற்றையும் எழுதினார். எனக்குத் தாத்தாவின் 555 நோட்டுப் புத்தகம் கண்முன் வந்து நின்றது. அதற்குமேல் அடக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லி அழுதேன்.

மாமா சிறிது நேரம் பேசவில்லை. “அப்பாவுக்குத் தெரியும்மா,” என்றார். “ஞாயித்துக்கிழமை தூக்கத்துல விசில் சத்தம் கேட்டுச்சாம். மறுநாள் எண்ணுறப்பதான் அது என்னான்னு புரிஞ்சிச்சாம். எங்கிட்ட மட்டும் போன்ல சொன்னாரு. ‘புள்ளய ஏன் கேக்கணும்? புள்ள கை எட்டுற எடத்துல வச்சது என் தப்பு’ன்னாரு.”

தெரிந்தே காட்டில் ஒரு நாள் முழுக்கத் தேடியிருக்கிறார். என்னைக் காட்டிக் கொடுக்காமல் இருப்பதற்காகத் தேடியிருக்கிறார்.

அவர் தலைமுறையின் அச்சமும் எனக்கு இப்போது புரிகிறது. அவசரகாலம் 1948இல் அறிவிக்கப்பட்டபோது, உரிமமின்றித் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருந்தால் மரண தண்டனை என்றானது. தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதி ஆயுதம் வைத்திருந்த குற்றச்சாட்டில் 1949 மே 4ஆம் நாள் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்குத் தோட்டாக் கணக்கு வெறும் அலுவலகக் கணக்காக இருந்திருக்காது. இன்றும் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் தோட்டா வைத்திருப்பது நம் நாட்டில் குற்றம். மாமாவின் கைவேலையை நான் இங்கே செய்து பார்க்க முடியாது, செய்யவும் ஆசையில்லை. ஆஸ்திரேலியாவிலும் அது தாராளமாகக் கிடைத்த உரிமை அன்று. 1996இல் போர்ட் ஆர்தரில் ஒருவன் 35 பேரைச் சுட்டுக் கொன்ற பிறகு அங்கும் சட்டம் இறுகியது. தோட்டா வாங்க உரிமத்தைக் காட்டியாக வேண்டும். மாமாவின் துப்பாக்கி இரும்புப் பெட்டியில் பூட்டியே இருக்கிறது.

ஆனால் அந்தக் கொட்டகையில் நான் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு. ஆபத்தான பொருளைக் கையில் எடுப்பவனுக்குத் திறமையைவிடக் கணக்கு முக்கியம். கணக்கு தவறினால், அது தன்னுடையது என்று ஏற்றுக்கொள்ளும் மனம் அதைவிட முக்கியம். மாமா அதை யாரிடம் கற்றார் என்று நான் கேட்கவில்லை.

ஊர் திரும்பியதும் அம்மாவிடம் கேட்டுத் தாத்தாவின் 555 நோட்டுப் புத்தகத்தைத் தேடி எடுத்தேன். கடைசியாக எழுதிய பக்கத்தில், பென்சிலால், தோட்டத்துப் பள்ளியில் படித்த அந்த உருண்டை எழுத்தில் இப்படி இருந்தது: “சுட்டது 3. கொடுத்தது 2. குறைவு 1. என் பொறுப்பு.”

தாத்தா எழுதிய கணக்குகளில் தவறானது அது ஒன்றுதான். அதைத் திருத்த எனக்குப் பதினைந்து ஆண்டுகள் ஆகிவிட்டன. அந்தக் கூட்டை எடுத்தது நான்தான்.