திறப்பு வேறு, உறுதி வேறு



"சேர், பேஸ்புக்கில் ஒருவர் டொமைன் பெயர் விற்கிறார், வாங்கலாமா?" இந்த வருடத்தில் மூன்று பேர் இப்படிக் கேட்டுவிட்டார்கள். ஒருவர் நகைக்கடை வைத்திருப்பவர், ஒருவர் பழைய மாணவர் சங்கத்துக்காரர், மற்றவர் சவூதியிலிருந்து வந்து இங்கே தொழில் தொடங்கப் பார்க்கும் என் மச்சான். தனித்தனியாகச் சொன்னதைச் சேர்த்து எழுதுகிறேன்.

டொமைன் என்பது இணையத்தில் உங்கள் கடையின் முகவரிப் பெயர். முடிவில் டொட் கொம் என்றோ டொட் எல்கே என்றோ வரும். அதை யாரும் நிரந்தரமாக வாங்குவதில்லை. வருடக் கணக்கில் பதிந்து, முடிய முடியப் புதுப்பிக்க வேண்டும். டொட் கொம் பெயரை ஒரே தடவையில் 10 வருடம் வரை பதியலாம். யாரும் எடுக்காத பெயர் என்றால் பதிவு நிறுவனம் ஒன்றிடம் சில ஆயிரம் ரூபாவுடன் வேலை முடிந்துவிடும். நல்ல பெயரை வேறொருவர் முன்பே எடுத்திருந்தால்தான் அவரிடம் விலை பேச வேண்டி வருகிறது. சிக்கலும் அங்கேதான்.

மச்சானுக்குச் சொன்ன விலை 90,000 ரூபா. விற்பவர் தன் கணக்கைத் திறந்து ஸ்கிரீன்ஷொட் அனுப்பியிருந்தார். "பல வருடமாக என்னிடம் இருக்கிற பெயர்" என்றும் சொல்லியிருந்தார். பதிவைத் தேடினோம். பெயர் பழையதுதான். ஆனால் மூன்று கிழமைக்கு முன்புதான் ஒரு பதிவு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறியிருந்தது. பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் பார்த்தால், அந்தப் பெயரில் கொழும்புக் கடை ஒன்று, தொலைபேசி இலக்கத்தோடு. எடுத்துக் கேட்டோம். "நான் ஒருவருக்கும் விற்கவில்லையே, தம்பி" என்றார் கடைக்காரர். ஒரு மாதமாகத் தன் மின்னஞ்சலுக்குள்ளேயே போக முடியவில்லையாம்.

ஸ்கிரீன்ஷொட் பொய்யில்லை. பெயர் உண்மையாகவே விற்பவரின் கையில்தான் இருந்தது. ஆனால் அது அவருடையதல்ல. வீட்டுத் திறப்பு ஒருவர் கையில் இருப்பதால் வீடு அவருடையதாகிவிடாது. இதை யாழ்ப்பாண முஸ்லிம்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. 1990 ஒக்டோபரில் வெளியேறி, பல வருடம் கழித்துத் திரும்பி வந்தபோது தங்கள் காணிக்கு இன்னொருவர் உறுதி வைத்திருப்பதைக் கண்டவர்கள் நமக்குள் இருக்கிறார்கள். காணி வாங்கும்போது விற்பவர் காட்டும் உறுதியோடு நாம் நிற்பதில்லை. காணிப் பதிவகத்தில் தேடுதல் செய்கிறோம், முன்னைய உறுதிகளைக் கேட்கிறோம், ஈடு கிடக்கிறதா என்று பார்க்கிறோம். டொமைனுக்கும் அதே புத்தி போதும்.

அமெரிக்காவில் 1995 இல் ஒரு டொமைனை (பெயரை இங்கே எழுத முடியாது) போலிக் கடிதம் ஒன்றைக் கொடுத்தே ஒருவர் தன் பக்கம் மாற்றிக்கொண்டார். வழக்கு வருடக் கணக்கில் நடந்தது. 2003 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் டொமைனும் சொத்துத்தான் என்று தீர்த்தது. டொமைன் பதிவதைக் காணிப் பதிவகத்தில் காணிக்கு உரிமை பதிவதோடு ஒப்பிட்டது.

வாங்கியவர் மாட்டிக்கொண்ட கதையும் உண்டு. பி2பி டொட் கொம் என்ற பெயர் 2006 இல் திருடப்பட்டு ஈபே ஏலத்துக்கு வந்தது. கூடைப்பந்து வீரர் மார்க் மேட்சன் ஒரு இலட்சத்துப் பதினோராயிரம் டொலர் அளவில் கொடுத்து வாங்கினார். திருடியவர் பிடிபட்டது 2009 இல். ஈபே பெரிய இடம், வாங்கியவரும் தெரிந்த மனிதர். அப்படியிருந்தும் அவர் காசு கொடுத்தது களவுப் பொருளுக்கு.

ஆகவே காசு அனுப்ப முன்:

1. ஐகான் அமைப்பின் தேடல் பக்கத்தில் பெயரைப் போட்டுப் பாருங்கள், இலவசம். எப்போது பதிந்தது, எப்போது முடிகிறது, எந்த நிறுவனத்தில் இருக்கிறது என்று காட்டும். ஐரோப்பியத் தனியுரிமைச் சட்டம் வந்த 2018 க்குப் பிறகு உரிமையாளர் பெயர் பெரும்பாலும் மறைத்தே இருக்கும், அதைக் கண்டு பயப்பட வேண்டாம். டொட் எல்கே என்றால் எல்கே டொமைன் பதிவகத்திடமே கேளுங்கள்.

2. நீங்கள் சொல்லும் ஒரு சொல்லை அந்த டொமைனின் டிஎன்எஸ் பதிவில் போடச் சொல்லுங்கள். போட முடியாதவரிடம் திறப்பே இல்லை. போட்டால் திறப்பு இருக்கிறது, அவ்வளவுதான்.

3. அண்மையில் கை மாறியிருந்தால் முன்னைய உரிமையாளரைத் தேடிக் கேளுங்கள். விற்பவர் தரும் இலக்கத்தில் அல்ல, பழைய பக்கத்தில் உள்ள இலக்கத்தில்.

4. காசை நேரே அனுப்பாதீர்கள். பெயர் வந்து சேரும்வரை பணத்தைப் பிடித்து வைக்கும் எஸ்க்ரோ சேவை மூலம் கொடுங்கள். அதையும் விற்பவர் தரும் லிங்கில் போய்த் திறக்காதீர்கள். அவர் தன் பாஸ்வேர்டைத் தருவது கைமாற்றம் ஆகாது. உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் திறந்த கணக்குக்குள் டொமைன் வர வேண்டும். வெப்சைட் செய்து தரும் தம்பியின் கணக்கிலும் வேண்டாம்.

"இப்படியெல்லாம் கேட்டால் அந்த ஆள் கோபிப்பாரே" என்றார் மச்சான். கையில் இல்லாததை விற்க வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். குர்ஆனின் மிக நீண்ட வசனம் கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி, சாட்சி வைக்கச் சொல்வதுதான். கேட்பது மரியாதைக் குறைவாக இருந்தால் நமக்கு அப்படிச் சொல்லப்பட்டிருக்காது. உண்மையான உரிமையாளருக்குக் காட்டுவதற்கு ஏதாவது இருக்கும், காட்டவும் செய்வார்.

கொழும்புக் கடைக்காரர் தன் முன்னைய பதிவு நிறுவனத்திடம் முறைப்பாடு செய்திருக்கிறார். பெயர் இன்னும் கிடைக்கவில்லை, துஆ செய்யுங்கள். உங்களில் யாருக்காவது விற்பனைக்கு என்று ஒரு பெயர் வந்தால், காசு போட முன் எனக்கு ஒரு வட்ஸ்அப் போடுங்கள். பள்ளிக்கூடம் விட்ட பிறகு இருந்து பார்ப்போம், இன்ஷா அல்லாஹ். பத்து நிமிட வேலைதான்.