முதுகில் ஒரு முறம்

காஞ்சிபுரம் பேருந்து நிலையத்துத் தேநீர்க் கடைக்காரர்தான் முதலில் கேட்டார். "இன்னாப்பா இது, மொறத்த முதுகுல கட்டினு கெளம்பிட்ட?"

கூடாரம் என்றேன். அவர் நம்பவில்லை. நம்பாததில் தப்பில்லை. இரண்டேகால் அடி குறுக்களவில், நாலு விரல் கனத்தில், வட்டமாக ஒரு பை. முறம் என்றுதான் யாருக்கும் தோன்றும். வீசினால் மூன்று விநாடியில் தானாக விரிந்துவிடும் என்றதும், "எங்க, வீசு பாக்கலாம்" என்றார். பேருந்து நிலையத்தில் அதைச் செய்யும் துணிச்சல் எனக்கு இல்லை.

தை மாதக் கடைசி. கூரத்திலிருந்து ஸ்ரீரங்கம்வரை நடந்து போக ஓர் எண்ணம் உண்டு. 250 கிலோமீட்டருக்கு மேல் வரும். அதற்கு முன் ஒரே ஓர் இரவு ஒத்திகை: காஞ்சியிலிருந்து வடமேற்கே சுமார் 10 கிலோமீட்டர் நடந்து கூரம், அங்கே இந்தக் கூடாரத்தில் உறக்கம், காலையில் திரும்பல்.

2005-இல் டெக்காத்லானின் கெச்சுவா பிராண்டு 'டூ செகண்ட்ஸ்' என்ற பெயரில் இறக்கியபின் பரவலான சங்கதி இந்த வீசுகூடாரம். என்னுடையது வேறு ஏதோ பெயரில், தள்ளுபடியில் வந்தது. பழைய பேப்பர் கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன்: 3 கிலோ 100 கிராம். கோல் செருகிக் கட்டும் இருவர் கூடாரங்கள் ஒன்றரை, இரண்டு கிலோவில் கிடைக்கின்றன. ஆனால் எடையைவிட வடிவம்தான் தொல்லை. பைக்குள் போகாது, வெளியே கட்டினால் காற்று அதைப் பாய்மரமாக நினைத்துக்கொள்ளும். ஊருக்குள் திரும்பும் சாலையோரம் சீமைக்கருவேல முள் இரண்டு இடத்தில் பிடித்து இழுத்தது. ஐந்தாவது கிலோமீட்டரில் இடது தோள் பேச ஆரம்பித்தது.

கூரத்தில் நுழைந்ததும் முதலில் சிவன் கோவில். ஏழாம் நூற்றாண்டில் முதலாம் பரமேசுவரவர்மன் காலத்தில் எழுந்தது. வித்யாவிநீத பல்லவ பரமேசுவர கிருகம் என்று பெயர். தமிழ்நாட்டில் கல்லால் கட்டிய மிகப் பழைய கோவில்களில் ஒன்று. பின்சுவர் யானையின் பின்புறம்போல் வளைந்திருக்கும். தூங்கானை மாடம் என்பார்கள். இவ்வூர்ச் செப்பேடுகள் வாதாபிச் சளுக்கியரோடு நடந்த போரைச் சொல்வதால் வரலாற்று மாணவர்களுக்குப் பழக்கம். எனக்கு அதில் பிடித்தது வேறு. மண்டபத்தில் தண்ணீரும் தீயும் வைக்கவும், பாரதம் வாசிக்கவும் பங்கு ஒதுக்கியிருக்கிறார்கள். வழிநெடுக மண்டபம், சத்திரம், தண்ணீர்ப் பந்தல், தலைச்சுமையை இறக்கிவைக்கச் சுமைதாங்கிக் கல் என்று இருந்த நாட்டில், நடந்து போகிறவன் கூரையை முதுகில் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியிருக்கவில்லை.

ஏரிக்கரைப் பக்கம் நெற்களம். சம்பா அறுத்துக் குவித்திருந்தார்கள். காவலுக்கு இருந்த பெரியவரிடம், "ஐயா, ராத்திரி இங்க படுத்துக்கலாமா?" என்றேன். "படு தம்பி, யார் வேணாம்னா? நெல்லு மேல மட்டும் படுக்காத."

பையைத் திறந்து வீசினேன். விரிந்தது. மூன்று விநாடிகூட ஆகவில்லை. சுற்றி நின்ற பிள்ளைகள் கைதட்டினார்கள். ஒருவன் மட்டும் அசரவில்லை. "எங்க வூட்டுல பாப்பாவுக்கு இந்த மாதிரி கொசுவலை கீது" என்றான். சரியாகச் சொன்னான். அதே சூத்திரம்தான். முனையில்லாத வளையமாக ஒரு நெகிழ்கம்பியைத் துணிக்குள் தைத்துவிடுகிறார்கள். முறுக்கி மடக்கினால் சிறு வட்டங்களாக ஒன்றின்மேல் ஒன்று படியும். முறுக்கின் விசை உள்ளேயே அடைபட்டிருக்கும். விட்டால் சீறி விரியும். கம்பி வழியில் உடைந்தால் கதை முடிந்தது. கோல் கூடாரத்தில் உடைந்த இடத்துக்கு ஒரு குழாய்த்துண்டைச் செருகிக் கட்டி ஒப்பேற்றலாம்.

விரிந்ததும் வேலை முடிந்தது என்று நினைத்து முளை அடிக்காமல் தண்ணீர் பிடிக்கப் போனேன். திரும்பி வருவதற்குள் ஏரிக்காற்று அதை உருட்டிக்கொண்டு வரப்புவரை போய்விட்டது. பிள்ளைகள் துரத்திப் பிடித்துக்கொடுத்தார்கள். காய்ந்த களிமண்ணில் கல்லால் அடித்து எட்டு முளை இறக்க, கயிறு இழுத்துக் கட்டப் பன்னிரண்டு நிமிடம். பெட்டியில் அச்சிட்டிருந்த விநாடிக் கணக்கில் இந்த நிமிடங்கள் இல்லை.

பெரியவர் நாலு கழி நட்டு மேலே தார்ப்பாய் கட்டிக் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தார். இந்த ஊர்க் கூரத்தாழ்வான் கதையை அவரிடம் கேட்டேன். இராமானுசரை அடையச் செல்வத்தையெல்லாம் துறந்து மனைவி ஆண்டாளோடு ஸ்ரீரங்கம் நோக்கி நடந்தவர். இருட்டில் காட்டுவழியில் மனைவி பயம் உண்டா என்று கேட்க, மடியில் ஏதும் வைத்திருக்கிறாயா என்றாராம் அவர். கணவர் தண்ணீர் குடிக்க ஒரு பொன்வட்டில் இருந்தது. வாங்கி வீசிவிட்டு நடந்தார்கள். கதையை முடித்துவிட்டுப் பெரியவர் என் கூடாரத்தை ஒருமுறை பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

விடியற்காலை நாலு மணிக்கு முகத்தில் சொட்டு விழுந்து விழித்தேன். வெளியே தைப்பனி, உள்ளே என் மூச்சு. நடுவில் ஒற்றைத் துணி. ஈரம் போக வழியில்லாமல் உட்சுவர் முழுக்க முத்துமுத்தாக நின்றது. போர்வை நனைந்திருந்தது. நாலு பக்கமும் திறந்த தார்ப்பாயின் கீழ் பெரியவர் உலர்ந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

காரில் கொண்டுபோய் இறக்கிக் கடற்கரையில் பகல் முழுதும் குழந்தைகளை நிழலில் வைக்க இந்தக் கூடாரத்தைவிட நல்லதில்லை; அதற்கு நானே சிபாரிசு செய்வேன். தூக்கி நடக்கிறவனுக்கு விரிக்கும் நேரம் ஒரு பொருட்டல்ல, சுமக்கும் நேரம்தான் கணக்கு. மலைக்குப் போகிறேன் என்பவர்களுக்கும் பெரிய பயனில்லை. 2024 அக்டோபரில் வனத்துறை 'டிரெக் தமிழ்நாடு' என்று திறந்த 40 பாதைகளில் பெரும்பாலானவை காலையில் ஏறி மாலைக்குள் இறங்குபவை. அனுமதியில்லாமல் காப்புக்காட்டில் கூடாரம் போடவும் முடியாது.

மடக்குவதுதான் மிச்சம். காணொளியில் இருபது முறை பார்த்த வித்தை. ஈரத்துணி கையில் வழுக்கியது. மடக்க மடக்க எழுந்து நின்றது. ஒருமுறை தாடையில் அறைந்தது. அரைமணி கழித்து அந்தக் கொசுவலைப் பையன் வந்தான். "சார், வலிக்காதீங்க. எட்டு போடணும்." இரண்டு ஓரத்தையும் சேர்த்துப் பிடித்தான், எட்டு வடிவில் முறுக்கினான், மேல் வட்டத்தைக் கீழே அமுக்கினான். அடங்கிவிட்டது.

திரும்பும்போது நடக்கவில்லை. ஷேர் ஆட்டோ. என்னோடு முறத்துக்கும் ஓர் இடத்துக்குக் காசு கேட்டார் ஓட்டுநர், கொடுத்தேன். பேருந்து நிலையத்தில் அதே தேநீர்க் கடை. கடைக்காரர் தேநீரை நீட்டிவிட்டு எட்டிப் பார்த்தார்.

"இன்னாப்பா, மொறத்துலேர்ந்து தண்ணி சொட்டுது?"