பங்கு போடாமல் விட்ட இடம்

புது சர்வரில் லினக்ஸ் ஏற்றும்போது டிஸ்க் முழுவதையும் அன்றைக்கே பிரித்துக் கொடுத்துவிடத்தான் எல்லாருக்கும் கை பரபரக்கும். நான் வால்யூம் குரூப்பில், அதாவது டிஸ்க்குகளைச் சேர்த்து வைக்கும் தொகுப்பில், கால் பங்கையாவது எதற்கும் ஒதுக்காமல் விட்டுவைப்பேன். "இவ்வளவு ஜிபி சும்மா கிடக்குதே சார்" என்று உடன் வேலை செய்யும் பிள்ளைகள் கேட்பார்கள். அது சும்மா கிடக்கவில்லை.

பழைய பார்ட்டிஷன் முறையில் ஒரு பகுதி டிஸ்கில் தொடர்ச்சியாக இருந்தாக வேண்டும். லாக் ஃபைல்கள் சேரும் 'வார்' நிரம்பி வழியும்; பக்கத்திலேயே 'ஹோம்' பாதி காலியாக இருக்கும்; ஒன்று மற்றொன்றுக்குக் கைமாற்றுக் கொடுக்க முடியாது. 1998-இல் ஹைன்ஸ் மவெல்ஸ்ஹாகன், எச்பி-யூஎக்ஸில் இருந்த ஏற்பாட்டை ஒட்டி லினக்ஸுக்கு எழுதிய எல்விஎம் (லாஜிக்கல் வால்யூம் மேனேஜர்) இந்தக் கட்டை அவிழ்த்தது. டிஸ்க்குகளை அது வழக்கமாக 4 எம்பி துண்டுகளாகப் பார்க்கிறது. எந்தத் துண்டு எந்த வால்யூமுக்கு என்று ஒரு கணக்கு மட்டும் வைத்துக்கொள்கிறது. துண்டுகள் அடுத்தடுத்து இருக்க வேண்டாம், ஒரே டிஸ்கில்கூட இருக்க வேண்டாம்.

வால்யூமைப் பெரிதாக்க ஒரு கட்டளை போதும். டேட்டாபேஸ் ஓடிக்கொண்டே இருக்கும். கொடுத்த இடத்தைத் திரும்ப வாங்குவதுதான் பாடு. ஃபைல்சிஸ்டம் இஎக்ஸ்டி4 என்றால் அன்மவுன்ட் செய்துதான் சுருக்க வேண்டும். எக்ஸ்எஃப்எஸ்ஸை நடைமுறையில் சுருக்கவே முடியாது. அதனால்தான் முதலில் கையை இறுக்கிக் கொடுக்கிறேன். ஸ்னாப்ஷாட் எடுக்கவும் காலியிடம் வேண்டும். அதற்கு ஒதுக்கிய இடம் நிரம்பிவிட்டால் அந்த ஸ்னாப்ஷாட் செல்லாது.

எல்விஎம்மில் எனக்கு மிகப் பிடித்தது பிவிமூவ். ஒரு டிஸ்கில் பேட் செக்டர்கள் தலைகாட்டுகின்றன என்று வையுங்கள். புது டிஸ்கைக் குரூப்பில் சேர்த்து பிவிமூவ் கொடுத்தால், பழையதிலிருந்த துண்டுகள் ஒவ்வொன்றாக இடம்பெயரும். வேலை செய்பவர்களுக்குத் தெரியவே தெரியாது. நடுவில் கரண்ட் போய் மெஷின் நின்றாலும், திரும்ப வந்தபின் விட்ட இடத்திலிருந்து தொடரும். இதைப் பொறுமையாக யோசித்து எழுதியவர்களை நினைத்தால் மரியாதை வருகிறது.

ஆனால் எல்விஎம் தானாக ரெய்டு ஆகிவிடாது. இரண்டு டிஸ்கில் பரவிய சாதாரண வால்யூமில் ஒரு டிஸ்க் போனால் அந்த வால்யூமே போனதுபோல்தான். ஆகவே அடியில் ரெய்டு, வெளியே தனியாக பேக்கப், இரண்டும் கட்டாயம். வாரந்தோறும் 'விஜிஎஸ்' கொடுத்துக் காலியிடத்தைப் பார்க்கிறேன். பத்தில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கினால் அன்றே புது டிஸ்குக்கு எழுதிப்போடுவேன். ஒப்புதல் வாங்கி டிஸ்க் வந்து சேரும்வரை தாங்க வேண்டியது அந்த மிச்சம்தான்.