ஓட்டுப் பள்ளிக்கும் ஒரு கல்வெட்டு

காஞ்சிபுரம் பகுதியில், சாலவாக்கத்திலிருந்து பாலாற்றுப் பக்கம் போனால் திருமுக்கூடல். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற இடம். தென்கரையில் வெங்கடேசப் பெருமாள் கோயில் இருக்கிறது. அதன் சுவரில், 11ஆம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழன் காலத்தில் வெட்டிய நீண்ட கல்வெட்டு ஒன்று உண்டு. ஒரு பள்ளிக்கூடத்தை நடத்த என்னென்ன வேண்டும் என்று அக்கறையோடு யோசித்தவர்களின் கணக்கு அது.

கோயிலின் சனநாத மண்டபத்தில் வேதமும் இலக்கணமும் கற்பித்தார்கள். மாணவர்கள் தங்க விடுதி, உண்ணச் சோறு, இரவில் படிக்க விளக்குக்கு எண்ணெய், சனிக்கிழமை தலைமுழுக எண்ணெய் என எல்லாவற்றுக்கும் நிவந்தம், அதாவது அறக்கொடை, இருந்தது. உடம்புக்கு முடியாவிட்டால் பார்க்க ‘வீரசோழன்’ என்ற ஆதுலசாலை, அதாவது மருத்துவமனை, 15 படுக்கைகளோடு. வைத்தியருக்கும், அறுவை செய்பவருக்கும், மூலிகை கொண்டுவருபவருக்கும், நோயாளிகளைக் கவனித்த பெண்களுக்கும் இவ்வளவு நெல், இவ்வளவு காசு என்று கல்லில் எழுதிவைத்தார்கள். படிக்கிற பிள்ளையின் தலைக்கு எண்ணெய் வைப்பதும் கல்விச் செலவுதான் என்று எண்ணிய அந்த மனத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

ஆனால் அந்த மண்டபத்தின் படி எல்லாருக்கும் ஏறக் கிடைத்த படியல்ல. உழுதவர் வீட்டுப் பிள்ளையும், அந்த ஆதுலசாலைக்கு விறகு சுமந்தவர் வீட்டுப் பிள்ளையும், பெண்பிள்ளைகளும் அதற்கு வெளியேதான் நின்றிருப்பார்கள். அவர்களும் எழுத்தறிய ஒரு கூரை கிடைப்பதற்குப் பல நூற்றாண்டுகள் ஆயின. அந்தக் கூரைதான் நம் ஊர்களின் ஓட்டுப் பள்ளிக்கூடம். சுண்ணாம்புச் சுவர், மரச் சட்டம், தரையில் வரிசையாக உட்கார்ந்த பிள்ளைகள். எந்தத் தெருப் பிள்ளையும் எந்தத் தெருப் பிள்ளைக்குப் பக்கத்திலும் உட்காரலாம் என்பதை ஊர் முதன்முதலாகப் பழகிய தரை அது. அந்தப் பழக்கமும் எளிதில் வரவில்லை.

அந்தக் கட்டடங்களில் பலவற்றுக்கு ஊர்மக்களும் கைகொடுத்தார்கள். காமராசர் முதலமைச்சராக இருந்தபோது கல்வி இயக்குநராக இருந்தவர் நெ.து. சுந்தரவடிவேலு. காஞ்சிபுரம் பகுதியில் நெய்யாடுபாக்கத்தில் பிறந்த நம் மண்ணின் மனிதர். அவர் முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர்மக்கள் நிலம், பெஞ்சு, நாற்காலி, கரும்பலகை, கடிகாரம் என்று முடிந்ததைக் கொடுத்தார்கள். மதிய உணவும் தொடக்கத்தில் ஊரார் கொடுத்த அரிசியிலும் காய்கறியிலும்தான் வெந்தது. சோழர் காலத்து நிவந்தத்துக்குச் சற்றும் குறையாத கொடை இது. ஆனால் கொடுத்த கைகளின் பெயர்களை எந்தச் சுவரில் போய்த் தேடுவது?

அந்தப் பழைய கட்டடங்கள் இடிபடுவதற்குக் காரணம் உண்டு. 2004இல் கும்பகோணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பற்றிய தீயில் 94 குழந்தைகள் மாண்டார்கள். 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் ஒரு பள்ளிச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகு மாநிலம் முழுவதும் பழுதான பள்ளிக் கட்டடங்களை இடித்தார்கள். அது சரியான முடிவு. பிள்ளையின் உயிரைவிடப் பெரிய பாரம்பரியம் எதுவுமில்லை. விரிசல் விட்ட சுவரைப் பழைமைக்காகக் காக்கச் சொல்பவன் நானில்லை.

ஆனால் உறுதியாக நிற்கும் பழைய கட்டடங்களைப் பொறியாளரை வைத்துப் பார்த்து, ஓடு மாற்றி, நூலகமாகவோ கணினி அறையாகவோ வைத்துக்கொள்ளலாம். இடித்தே ஆகவேண்டுமென்றால், அதற்கு முன் செய்ய வேண்டியவை சில உண்டு. கட்டடத்தை அளந்து, படமெடுத்து வைக்க வேண்டும். பழைய சேர்க்கைப் பதிவேட்டைக் கரையான் தின்னாமல் காப்பாற்ற வேண்டும். பல குடும்பங்களில் முதல் தலைமுறையாக ஒருவர் பெயர் எழுத்தில் ஏறியது அந்த ஏட்டில்தான். அங்கே படித்த பெரியவர்கள் இருக்கும்போதே அவர்களை உட்காரவைத்துக் கேட்டு எழுத வேண்டும்: இடம் யார் கொடுத்தது, மரம் எங்கிருந்து வந்தது, யாரெல்லாம் முதலில் உள்ளே வர அஞ்சினார்கள், யார் கையைப் பிடித்து அழைத்து வந்தார்கள்.

திருமுக்கூடல் கல்வெட்டைத் தொல்லியல் துறை பார்த்துக்கொள்ளும். ஓட்டுப் பள்ளிக்கூடத்தின் கதையைப் பார்த்துக்கொள்ள அங்கே படித்த நம்மை விட்டால் ஆளில்லை. தலைமையாசிரியரும் ஊராட்சியும் பழைய மாணவர்களும் ஒரு நாள் கூடினால் தொடங்கிவிடலாம். அப்படி எழுதியதைப் புதுக் கட்டடத்தின் வாசலில் கல்லிலேயே பொறித்து வைப்போம். நாளை அங்கே படிக்க வரும் பிள்ளை, தன் ஊர் தனக்காக என்ன செய்தது என்பதை எழுத்துக்கூட்டிப் படிக்கட்டும்.