நெர்ன்ஸ்ட்டும் நானும் ஒரு 22 நம்பர் ஸ்பேனரும்



பத்து நாளாக என்ன சார் ஆளையே காணோம் என்று சிலர் போன் போட்டுக் கேட்டீர்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. வலது கையில் இரண்டு விரல் முட்டி தோல் உரிந்து கிடந்தது, டைப் அடிக்க முடியவில்லை. அது எப்படி உரிந்தது என்பதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். பொறுமை இல்லாதவர்கள் லைக் மட்டும் போட்டுவிட்டுப் போகலாம். வகுப்பில் நீங்கள் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கியதைப் பார்த்தவன் நான்.

எங்கள் காரை உங்களில் பலருக்குத் தெரியும். 2014-ல் வாங்கிய சின்ன பெட்ரோல் கார். ரிட்டயர் ஆனபோது வந்த பணத்தில் எனக்கென்று நான் செய்துகொண்ட ஒரே செலவு. அதற்கு இப்போது ஒரே ஒரு முக்கியமான வேலைதான். மாதம் ஒரு முறை டீச்சரம்மாவை திண்டுக்கல்லில் இருந்து மதுரைக்குக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவது. சர்க்கரையால் விழித்திரையில் நீர் கோத்து, இடது கண்ணில் ஊசி போட்டுக்கொண்டிருக்கிறார்கள். தேதி தப்பக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். ஊசி போட்ட கண்ணோடு பஸ் கூட்டத்தில் வருவது அவளுக்கு ஆகாது. வாடகைக் கார் பிடிக்கலாம் என்றால், "நம்ம கார் வாசல்ல நிக்கும்போது எதுக்குங்க?" என்பாள். சிக்கனத்தில் அவளுக்கு நான் மாணவன்.

போன மாதம் திரும்பி வரும்போது கொடை ரோடு தாண்டியதும் டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது. எஞ்சின் படம் போட்ட விளக்கு. வண்டி ஓடியது, ஆனால் அடுத்த இரண்டு வாரத்தில் ஊருக்குள் லிட்டருக்கு 15 கொடுத்தது 11-க்கு இறங்கிவிட்டது. வழக்கமாக விடும் ஒர்க்ஷாப்பில் கொண்டுபோய் நிறுத்தினேன். அங்கிருந்தவர் விளக்கைப் பார்த்தார், சைலன்சர் பக்கம் குனிந்து பார்த்தார், "கன்வர்ட்டர் போயிருச்சு சார், 38,000 ஆகும்" என்றார். பரிசோதித்தீர்களா என்று கேட்டேன். "இத்தனை வருசம் பாக்குறோம்ல சார்" என்றார். உப்பைக் கண்ணால் பார்த்தே பெயர் எழுதிவிட்டு, சோதனையே செய்யாமல் சால்ட் அனாலிசிஸ் நோட்டை நீட்டும் பையன்கள் ஞாபகம் வந்தார்கள். நான் சண்டை போடவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பெங்களூரில் இருக்கும் மகன், "அப்பா, பணத்தை நான் அனுப்புறேன், மாத்திருங்க" என்றான். அந்த வார்த்தைதான் எனக்கு ரோஷத்தைக் கிளப்பியது என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

அக்கா மகன் ஒரு சின்னக் கருவி வாங்கித் தந்தான். தீப்பெட்டி அளவு, 900 ரூபாய். ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு சாக்கெட்டில் செருகினால் போனுக்குச் செய்தி வருகிறது. வந்த எண் பி 0135. எனக்கு அது பஸ் ரூட் நம்பர் மாதிரி இருந்தது. அப்போதுதான் 2003 செட் மாணவன் ஒருவன் ஷார்ஜாவில் இருபது வருடமாகக் கார் மெக்கானிக்காக இருப்பது நினைவுக்கு வந்தது. பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். அந்த செட்டுக்காரர்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள்.

"சார், இது கன்வர்ட்டர் இல்ல சார். ஆக்சிஜன் சென்சார், அதுலயும் முன்னாடி இருக்கிற சென்சாரோட ஹீட்டர். முதல்ல ஃபியூஸ் பாருங்க. அது நல்லா இருந்தா சென்சார் கனெக்டரைக் கழட்டி ஓம்ஸ் பாருங்க. நாலு கம்பி வரும், ஒரே கலர்ல ரெண்டு இருக்கும், அதுதான் ஹீட்டர்" என்றான். இப்படியே விட்டால் பெட்ரோல் அதிகமாகப் போய் நல்ல கன்வர்ட்டரும் கெட்டுவிடும் என்றும் சொன்னான். படிக்கும்போது அவன் இவ்வளவு தெளிவாக ஒரு பதிலும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

ஃபியூஸ் நன்றாக இருந்தது. கனெக்டர்தான் வரவில்லை. பத்து நிமிடம் இழுத்தேன். டார்ச் பிடித்துக்கொண்டிருந்த டீச்சரம்மா, ஒரு கண்ணால் பார்த்துவிட்டு, "அதுல ஒரு நாக்கு இருக்கு பாருங்க. அதை அமுக்கணும், இழுக்கக் கூடாது" என்றாள். அமுக்கினேன், வந்துவிட்டது. மல்டிமீட்டரை வைத்தால் எண்ணே காட்டவில்லை. உள்ளே கம்பி அறுந்திருக்கிறது. புது சென்சார் 3,400 ரூபாய். கடையில் காசு கொடுக்கும் முன்பே மீட்டரை வைத்துப் பார்த்தேன். 9 ஓம் காட்டியது. கடைக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை வேலை. திங்கட்கிழமை ஆஸ்பத்திரி. இந்த இடத்தில்தான் அவளுக்குக் கோபம். மரை கெட்டுப்போனால் மேனிஃபோல்டையே கழற்ற வேண்டிவரும், வண்டி வாரக்கணக்கில் நின்றுவிடும் என்று மாணவனே எச்சரித்திருந்தான். "ஊசி முடிஞ்சு வந்து பண்ணக் கூடாதா? என் கண்ணை வச்சுத்தான் உங்க லேப் நடத்தணுமா?" என்றாள். நியாயமான கேள்வி. நான் பதில் சொல்லாமல் பானட்டைத் திறந்தேன். அது தப்பு என்று இப்போது எழுதுகிறேன். அன்று தோன்றவில்லை.

முதல் நாள் ராத்திரியே மரையில் துரு இளக்கும் ஸ்பிரே அடித்து வைத்திருந்தேன். எஞ்சினை இரண்டு நிமிடம் ஓட்டி, இளஞ்சூட்டில் நிறுத்தி, பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றினேன். மேலே இருந்த தகடு 10 நம்பர் போல்ட் மூன்றோடு வந்துவிட்டது. சென்சாரின் வால்போல வயர் இருப்பதால் ரிங் ஸ்பேனர் நுழையாது. "செத்த சென்சார்தானே சார், வயரை வெட்டிட்டு 22 ரிங் ஸ்பேனரைப் போடுங்க" என்றான் வீடியோ காலில். வெட்டினேன். போட்டேன். அசையவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் அழுத்தினேன். ஸ்பேனர் வழுக்கி, கை தகட்டு விளிம்பில் போய் மோதியது. ரத்தம்.

போனில் ஒரு தயங்கிய குரல். "சார்... நீங்க கழட்டல சார். இறுக்குறீங்க."

சென்சார் என்னைப் பார்த்துச் சாய்ந்து நிற்கவில்லை, எதிர்ப்பக்கம் சாய்ந்து நின்றது. நான் பின்னாலிருந்து திருப்பியதில் திசை மாறிவிட்டது. முப்பத்தொரு வருடம் பாடம் நடத்தியவனை, முன்னாள் மாணவன் முன்னாலும் மனைவி முன்னாலும் ஒரு நட்டு உட்கார வைத்துவிட்டது. துரு போதாதென்று நானும் என் பங்குக்கு இறுக்கியிருக்கிறேன். வாசல்படியில் உட்கார்ந்துவிட்டேன். அவள் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய் டிங்சரும் பஞ்சும் கொண்டுவந்தாள். பிறகு, "இனிமே நிறுத்தி என்ன ஆகப் போகுது, முடிங்க" என்றாள். அதற்குப் பெயர் சம்மதம் இல்லை, வயரை ஏற்கெனவே வெட்டியாயிற்று என்ற கணக்கு.

தோட்டத்தில் கிடந்த தண்ணீர்க் குழாய்த் துண்டு ஒன்றை ஸ்பேனர் பிடியில் மாட்டி நீட்டினேன். நெம்புகோல் தத்துவம், ஒன்பதாம் வகுப்பு. இந்த முறை சரியான திசையில். மெதுவாக. 'டக்' என்று சத்தம் வந்தபோது கண்ணை மூடிக்கொண்டேன், முறிந்தது என்றே நினைத்தேன். முறியவில்லை, விட்டுக்கொடுத்திருந்தது. மரை சுத்தமாக இருந்தது. வெளியே வந்த முனை அடுப்புக்கரி மாதிரி கறுத்திருந்தது.

புதியதைப் போடுவது ஐந்து நிமிட வேலை. முனையைக் கையால் தொடக் கூடாது, மரையில் தடவி வந்திருக்கும் பசையைத் துடைக்கக் கூடாது, முதலில் விரலால் சுற்ற வேண்டும், வாஷர் நசுங்க அரைச் சுற்றுக்குக் கொஞ்சம் மேல் இறுக்கினால் போதும். வாஷர் நசுங்குவது கையில் தெரிகிறது.

விளக்கை அழித்துவிட்டு ஓடவிட்டேன். போனில் ஒரு கோடு மேலும் கீழும் ஆட ஆரம்பித்தது. 0.1, 0.8, 0.1, 0.7. அதைப் பார்த்ததும் எனக்கு வேறொன்று உறைத்தது.

இந்த சென்சாருக்குள் இருப்பது சிர்கோனியா என்ற பீங்கான். ஒரு பக்கம் வெளிக்காற்று, மறுபக்கம் புகை. இரண்டு பக்கமும் ஆக்சிஜன் அளவு வேறுபட்டால் மின்னழுத்தம் பிறக்கும். பீங்கான் நன்றாகச் சூடானால்தான் அது வேலை செய்யும், அதற்குத்தான் ஹீட்டர். எவ்வளவு மின்னழுத்தம் என்று சொல்வது, 1889-ல் வால்தர் நெர்ன்ஸ்ட் எழுதிய சமன்பாடு. ஆமாம், பிளஸ் டூ மின்வேதியியலில் நான் உங்கள் உயிரை எடுத்த அதே சமன்பாடு. அன்று சாயங்காலம் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 873 கெல்வின், எலக்ட்ரான் எண்ணிக்கை 4. புகையில் 1 சதவீதம் ஆக்சிஜன் மிஞ்சினால் 0.06 வோல்ட். பெட்ரோல் அதிகமாகி ஆக்சிஜன் அறவே இல்லாமல் போனால் 0.8-ஐத் தாண்டுகிறது. போனில் ஆடிய கோடு என் பேப்பரில் வந்துவிட்டது. நான் முப்பத்தொரு வருடமும் 298 கெல்வினை விட்டு வெளியே வந்ததே இல்லை.

இதே ஷார்ஜா மாணவன்தான், கடைசி பெஞ்சில் எழுந்து நின்று, "சார், இது எதுக்கு சார் பயன்படும்?" என்று கேட்டான். "பரீட்சையில அஞ்சு மார்க்குக்குப் பயன்படும், உக்காரு" என்றேன். வகுப்பே சிரித்தது. 1976-லேயே கார்களில் இது வந்துவிட்டது. அவன் கேட்டபோது பள்ளிக்கூட வாசலில் போன கார்களில் சிலவற்றில் ஓடிக்கொண்டிருந்திருக்கும். எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம்.

திங்கட்கிழமை மதுரை போய் வந்தோம். ஊசி நல்லபடியாக முடிந்தது. போகும்போதும் வரும்போதும் நான் ரோட்டைப் பார்த்ததைவிட டாஷ்போர்டைப் பார்த்ததுதான் அதிகம் என்று டீச்சரம்மா மகனிடம் புகார் சொல்லியிருக்கிறாள், அதுவும் ஒரு கண்ணில் பேண்டேஜோடு. விளக்கு எரியவில்லை. இப்போது லிட்டருக்கு 14.5 கொடுக்கிறது.

ராத்திரி என் கணக்குப் பேப்பரைப் படம் எடுத்து அவனுக்கு அனுப்பினேன். கூடவே, "2003-ல் நீ கேட்ட கேள்விக்குப் பதில், தாமதத்துக்கு மன்னிக்கவும்" என்று எழுதினேன். மறுநாள் பதில் வந்தது.

"சார், அப்படியா கேட்டேன்? சத்தியமா ஞாபகம் இல்ல சார். 15 குடுத்தது 14.5-தான் வருதுன்னா ஏர் ஃபில்டரையும் ஒரு தடவை பாத்துருங்க. அதைக் கழட்ட ஸ்பேனர் வேண்டாம்."